அலுமாரித் திறப்பு

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் ஒரு புத்தக அலுமாரி இருந்தது. அதன் திறப்பு என்னிடம் இருந்தது. நூல்நிலையப் பொறுப்பாளர் என்று எனக்குப் பெயர். பெயர் பெரிது, அலுமாரி சின்னது. ஊரிலிருந்து வந்தவர்கள் காவி வந்தவை, பாரிசுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் வாங்கி வந்தவை என்று ஏறக்குறைய இருநூறு புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் உறை போட்டு, இலக்கம் எழுதி, கொப்பியில் பதிந்து வைத்திருந்தேன். முதல் இரண்டு வருடங்களில் ஒரு புத்தகம்கூடத் தொலையவில்லை. அதில் எனக்குச் சரியான பெருமை.

ஒருநாள் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பக்கத்தில் வந்து நின்றது.

"மாமா, இது எல்லாம் உங்கட வீட்டுப் புத்தகங்களா?"

"இல்லையம்மா, பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள். உங்களுக்குத்தான்."

"அப்ப ஏன் பூட்டி வைச்சிருக்கிறீங்கள்?"

"திறந்து விட்டால் தொலைஞ்சு போயிடும்" என்றேன். பிள்ளை தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. எனக்குத்தான் அந்தக் கேள்வி போகவில்லை. அன்று ட்ராமில் வீடு திரும்பும்போது யோசித்துப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் ஒரு புத்தகமும் தொலையவில்லை என்றால், இரண்டு வருடத்தில் ஒரு புத்தகமும் வெளியே போகவில்லை என்பதுதானே அர்த்தம்?

இப்படிப் பூட்டி வைக்கும் பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், நான் பிறந்த ஊருக்கும் வந்து சேர்ந்த இந்த ஹனோவர் நகரத்துக்கும் இடையில் சில ஆண்டுகள் ஒத்துப்போவதைக் கண்டேன். அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் 1933.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் க. மு. செல்லப்பா என்ற ஒருவர் தன் வீட்டில் இருந்த புத்தகங்களை மற்றவர்களுக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். ஊருக்கு ஒரு இலவச நூல்நிலையம் வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டார். 1934இல் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் அது முறையாகத் தொடங்கியபோது இருந்தவை 844 புத்தகங்கள். யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஆரம்பம் இவ்வளவுதான். ஒரு மனிதர், ஒரு வீடு, "கொண்டுபோய் வாசித்துவிட்டுத் தாருங்கள்" என்கிற ஒரு மனம்.

அதே 1933இல், மே 10ஆம் திகதி இரவு, இந்த ஹனோவரில் என்ன நடந்தது தெரியுமா? இங்கிருந்த உயர்கல்லூரிகளின் மாணவர்கள் தீப்பந்தங்களுடன் ஊர்வலமாகப் போய், மாஷ் புல்வெளியில் நின்ற பிஸ்மார்க் தூணடியில் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். அன்று இரவு யேர்மனியில் இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழக நகரங்களில் இதுவே நடந்தது. பிறகு அந்தப் புல்வெளியைத் தோண்டித்தான் 1934க்கும் 1936க்கும் இடையில் மாஷ் ஏரியை உண்டாக்கினார்கள். தூணும் போய்விட்டது. கோடையில் நாங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கிற அதே ஏரிதான். பல வருடங்கள் அதன் கரையில் நடந்திருக்கிறேன். எனக்கு இது தெரியாது.

இந்தக் கதையில் என்னை அதிகம் குத்திய விடயம் வேறு. எந்தெந்தப் புத்தகங்களை நீக்க வேண்டும் என்ற கறுப்புப் பட்டியலைத் தயாரித்தவர்களில் முக்கியமானவர் வொல்ஃப்காங் ஹெர்மான். அவர் பேர்லினில் வேலை செய்த ஒரு நூலகர். எரித்தவர்கள் மாணவர்கள், பட்டியல் போட்டுக் கொடுத்தவர் நூலகர்! படிப்பறிவில்லாதவன்தான் புத்தகத்தை எரிப்பான் என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. புத்தகத்தோடேயே வாழ்கிறவனும் அதைப் பிள்ளைகளிடமிருந்து எட்ட வைக்கலாம். என்னுடைய அலுமாரியை அந்த நெருப்போடு ஒப்பிடவில்லை. ஆனால் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பது சின்ன விடயம் இல்லை என்று அன்றுதான் விளங்கியது.

அன்றிரவு பேர்லினில் தன் சொந்தப் புத்தகங்கள் எரிவதைக் கூட்டத்தில் நின்று பார்த்த ஒரு எழுத்தாளர் இருந்தார். எரிஷ் கெஸ்ட்னர். 1929இல் 'எமிலும் துப்பறிவாளர்களும்' என்ற சிறுவர் கதையை எழுதியவர். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளில் பலர் பாடசாலையில் அதை வாசித்திருப்பார்கள். போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1959இல், யேர்மனியப் புத்தக வர்த்தகச் சங்கம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு வாசிப்புப் போட்டியை ஆரம்பித்தது. அதைத் தொடக்கி வைத்தவர்களில் கெஸ்ட்னரும் ஒருவர்.

அந்தப் போட்டி இன்றைக்கும் நடக்கிறது. பிள்ளை தனக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைத் தானே தெரிவு செய்து, வகுப்பின் முன்னால் நின்று ஏறக்குறைய மூன்று நிமிடம் உரத்து வாசிக்க வேண்டும். வகுப்பில் வென்றால் பாடசாலைக்கு, அங்கே வென்றால் நகரத்துக்கு, பிறகு மாநிலத்துக்கு, கடைசியில் நாட்டுக்கு. மேலே போகப் போக முன்பின் தெரியாத ஒரு பக்கத்தையும் வாசிக்கக் கொடுப்பார்கள். வருடம் ஏறக்குறைய 6 இலட்சம் பிள்ளைகள் பங்குபற்றுகிறார்கள். புத்தகங்களை எரித்த ஒரு நாடு, அதற்குப் பிறகு பிள்ளைகளிடம் "உனக்குப் பிடித்ததை நீயே எடு, வாசி, நாங்கள் கேட்கிறோம்" என்று சொல்லப் பழகிக்கொண்டது. இதைச் சின்ன மாற்றம் என்று நான் நினைக்கவில்லை.

அதே 1959இல், ஒக்ரோபர் 11ஆம் திகதி, யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் புதிய கட்டிடத்தை அப்போதைய மேயர் அல்பிரட் துரையப்பா திறந்து வைத்தார். சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மன் வரைந்த கட்டிடம். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். சம்பத்திரிசியார் கல்லூரி அதிபராக இருந்த லோங் அடிகளார் அதற்காக ஓடித் திரிந்தார். 1967இல் சிறுவர் பகுதியும் திறக்கப்பட்டது.

அந்தச் சிறுவர் பகுதியில்தான் முதன்முதலாக ஒரு புத்தகத்தை நானே கையால் எடுத்தேன். ஏனென்றால் நான் படித்த பாடசாலையிலும் நூல்நிலையம் இருந்தது. கண்ணாடிக் கதவு போட்ட அலுமாரிகள். வெளியே நின்று புத்தகங்களின் முதுகில் உள்ள பெயர்களை வாசிக்கலாம், அவ்வளவுதான். கிழமைக்கு ஒரு நூல்நிலையப் பாடவேளை. பெரும்பாலும் அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் வந்து விட்ட கணக்குகளைச் செய்விப்பார். உங்களில் பலருக்கும் இதே அனுபவம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பூட்டிய அறைக்குள் என்னைத் தினமும் இழுத்துப் போன ஒரு விடயம் நடந்தது. எட்டாம் வகுப்பில் எங்கள் தமிழ் வாத்தியார் ஒரு கையெழுத்துச் சஞ்சிகை தொடங்கினார். கையெழுத்து அழகானவன் எழுதுவான், படம் கீறத் தெரிந்தவன் அட்டை கீறுவான், மற்றவர்கள் எல்லாரும் ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டும். நான் மழையைப் பற்றி எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மழை என்று வந்த இடமெல்லாம் தழை என்று முடித்திருந்தேன். ஆனாலும் வாத்தியார் அதைச் சேர்த்தார். சஞ்சிகை நூல்நிலைய மேசையில் வைக்கப்பட்டது.

அன்றிலிருந்து இடைவேளை மணி அடித்தால் நான் நூல்நிலையத்தில். என்னுடைய பக்கத்தை யாராவது திறந்து பார்க்கிறார்களா என்று பார்க்கத்தான். சும்மா நிற்க முடியாதே! கையில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பது மாதிரிப் பாவனை பண்ணுவேன். பாவனை பண்ணிப் பண்ணியே பல புத்தகங்களை வாசித்துவிட்டேன். நான் வாசகன் ஆன கதை இதுதான்.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குப் பாட்டுக் குறைவில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் 1953இல் காலமானவர். ஆடிப்பிறப்பைப் பற்றியும் கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றியும் அவர் பாடியவற்றைப் படிக்காத ஈழத்துப் பிள்ளை இல்லை. தங்கத் தாத்தா என்று பெயர் வரும் அளவுக்குப் பிள்ளைகளுக்குப் பாடினார். 1955இல் வரதரும் மஹாகவியும் கவிதைக்கென்றே 'தேன்மொழி' என்ற சஞ்சிகையை நடத்தினார்கள். ஊர்த் திருவிழாவில்கூடக் கவியரங்கம் வைத்த சமூகம் நாங்கள். தமிழ்த்தினப் போட்டியில் பாவோதல் இருந்தது. ஆனால் பாவோதலில் பிள்ளை இன்னொருவரின் பாட்டைப் பாடமாக்கிச் சொல்கிறது. பிள்ளை தன்னுடைய வாயால் தன்னுடையதைச் சொன்ன இடம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் கையெழுத்துச் சஞ்சிகைதான். அதற்குப் பிரதி கிடையாது. உலகத்தில் ஒன்றே ஒன்று.

1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. விடிய யூன் 1. ஏறக்குறைய 97,000 புத்தகங்களும் ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. சம்பத்திரிசியார் கல்லூரியில் இருந்து அந்த நெருப்பைப் பார்த்த பன்மொழி அறிஞர் தாவீது அடிகளார் அதிர்ச்சியில் உயிர் விட்டார். இதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு அப்போது பதினெட்டு வயது. பிறகு போய்ப் பார்த்தபோது சிறுவர் பகுதி எந்தப் பக்கம் இருந்தது என்றே மட்டுக்கட்ட முடியவில்லை.

சனிக்கிழமை அலுமாரிக்கு நான் பூட்டுப் போட்டதற்கு அந்த நெருப்புத்தான் காரணம் என்று நினைக்கிறேன். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவன் இருப்பதை இறுக்கிப் பிடிப்பான். ஆனால் எரிந்த நூலகம் எப்படித் தொடங்கியது என்பதை நான் மறந்துவிட்டேன். செல்லப்பா தன் வீட்டுப் புத்தகங்களைப் பூட்டி வைத்திருந்தால் எரிப்பதற்கு ஒரு நூலகமே இருந்திராது.

சரி, ஹனோவருக்கு வருகிறேன்.

இது புத்தகத்துக்குப் பெயர்போன ஊர். தத்துவஞானி லைப்னிற்ஸ் 1676இலிருந்து 1716இல் இறக்கும் வரை 40 ஆண்டுகள் இங்கே நூலகராக இருந்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அவரை பிஸ்கற் பெயராகத்தான் தெரியும்! நகர நூலகத்தின் வரலாறு 1440 வரை பின்னோக்கிப் போகிறது. ஹில்டெஸ்ஹைமர் வீதியில் 1931இல் கட்டிய அதன் புத்தகக் கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். இவ்வளவும் இருந்த நாட்டில்தான் 2001 டிசெம்பரில் ஒரு அதிர்ச்சி வந்தது. முதலாவது பீசா ஆய்வின் முடிவு. 15 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பில் யேர்மனிக்கு 484 புள்ளி, பங்குபற்றிய வளர்ந்த நாடுகளின் சராசரி 500. நூற்றுக்கு ஏறக்குறைய 23 பிள்ளைகள் மிகக் கீழ்ப்படியிலோ அதற்கும் கீழேயோ இருந்தார்கள். அதைவிட, தாய்தகப்பனின் படிப்பும் வசதியும் பிள்ளையின் வாசிப்பைத் தீர்மானிப்பது மிக அதிகமாக இருந்த நாடுகளில் யேர்மனியும் ஒன்று என்று தெரிந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை, உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை என்று ஓடிய எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்புகளில்தான் இருந்தார்கள்.

அதற்கு ஹனோவரில் ஒரு பதில் பிறந்தது. ஒட்டோ ஸ்டென்டர் என்ற புத்தகக்கடைக்காரர் 2003இல் இங்கே 'மென்ரர்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். வாசிக்கப் பழக உதவுகிறவர்கள் என்று அர்த்தம் வரும் பெயர் அதற்கு உண்டு. முறை மிகச் சாதாரணமானது. ஒரு பெரியவர், ஒரு பிள்ளை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம், குறைந்தது ஒரு வருடம், பாடசாலைக்குள்ளேயே. சம்பளம் இல்லை, புள்ளி போடுவது இல்லை. 2008இல் நாடு முழுவதற்குமான கூட்டமைப்பும் உருவாகி, இன்றைக்குப் பல நகரங்களில் நடக்கிறது.

எங்கள் கட்டிடத்தில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற அம்மா அப்படி வாசிக்கப் போகிறவர். படியில் கண்டு ஒருநாள் கேட்டேன், "என்ன படிப்பிப்பீர்கள்?" என்று.

"ஒன்றும் படிப்பிப்பதில்லை. பிள்ளை வாசிக்கும், நான் கேட்பேன். பிறகு நான் வாசிப்பேன், பிள்ளை கேட்கும். சில நாள் புத்தகத்தைத் திறக்காமலே கதைத்துக்கொண்டிருப்போம்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை அலுமாரிக் கதவைத் திறந்து விட்டேன். இரண்டு வாங்குகளை அதற்கு முன்னால் இழுத்துப் போட்டேன். மேல்வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர், இரண்டு அம்மாமார், ஒரு தாத்தா. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னப் பிள்ளை, வகுப்புத் தொடங்க முதல் அரை மணித்தியாலம். அந்தத் தாத்தாவுக்கு டொச் வராது, அவரோடு இருந்த பொடியனுக்குத் தமிழ் சரியாக வராது. இரண்டு பேரும் ஒரு ஆமைக் கதையை மூன்று மாதம் வாசித்தார்கள். முடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் பொடியன் நேரத்துக்கு வந்துவிடுவான்.

அந்த வருடம் பதினேழு புத்தகங்கள் திரும்பி வரவில்லை. ஆறு பிறகு வந்தன.

கவிதை எழுதுவிப்பதில்தான் பெரிய பிழை விட்டேன். கையெழுத்துச் சஞ்சிகை நினைவில் ஒரு கொப்பி வைத்து, பிள்ளைகளை எழுதச் சொன்னேன். எழுதினார்கள். நான் சிவப்புப் பேனையை எடுத்தேன். ல, ள, ழ பிழை. ர, ற பிழை. நடுவில் டொச் சொல். ஒரு பொடியனின் பக்கம் முழுக்கச் சிவப்பு. அதற்குப் பிறகு அவன் கொப்பிப் பக்கமே வரவில்லை. மழைக்குத் தழை போட்ட என்னை என் வாத்தியார் எப்படி விட்டு வைத்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்தப் பொடியனிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த வருடம் அவர்கள் வேறு நகரத்துக்குப் போய்விட்டார்கள்.

பிறகு பேனையை வைத்துவிட்டுக் கதை சொல்லத் தொடங்கினேன். குர்ட் ஷ்விட்டர்ஸின் கதை. 1887இல் இந்த ஊரில் பிறந்தவர். ஓவியர், கவிஞர். 1919இல் 'அன்னா ப்ளூமே' என்ற பெண்ணுக்கு இலக்கணத்தை எல்லாம் குழப்பி ஒரு காதல் கவிதை எழுதினார். அடுத்த வருடம் அதைச் சுவரொட்டியாக அடித்து ஹனோவரின் விளம்பரத் தூண்களில் ஒட்டினார்கள். ஊர் சிரித்தது, திட்டியது, ஆனால் வாசித்தது. நாசிகள் அவருடைய கலையைச் சீரழிந்த கலை என்றார்கள். 1937இல் நோர்வேக்கு ஓடினார். 1940இல் அங்கும் யேர்மன் படை வர, பிரித்தானியாவுக்கு ஓடினார். அங்கே எதிரி நாட்டவன் என்று முகாமில் அடைத்தார்கள். அவர் இங்கே வால்ட்ஹவுசன் வீதி வீட்டுக்குள் வருடக்கணக்காகக் கட்டிய கலைப்படைப்பு 1943 குண்டுவீச்சில் அழிந்தது. 1948 ஜனவரி 7ஆம் திகதி அவருக்குப் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்த செய்தி வந்தது. அடுத்த நாள் இறந்துபோனார். 1970இல் அவருடைய எச்சங்களைக் கொண்டுவந்து இங்கே எங்கேசோடே சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள்.

"அப்ப அவரும் எங்களை மாதிரி அகதியா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. ஓம் என்றேன். "அவர் பிழை பிழையா எழுதினதை ஒருத்தரும் திருத்தேல்லையா?" என்று இன்னொன்று கேட்டது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்!

அதன்பிறகு எங்கள் வழக்கம் இது: எழுதிய பிள்ளை முதலில் உரத்து வாசிக்கும். மற்றவர்கள் கேட்பார்கள். எழுத்துப் பிழையைப் பிள்ளை கேட்டால் மட்டும், தனித் தாளில் சரியானதை எழுதிக் காட்டுவேன். கொப்பியில் கை வைப்பதில்லை. ஒரு பிள்ளை தன் அம்மம்மாவைப் பற்றி எழுதியது. தொலைபேசியில் அம்மம்மா எப்போதும் "சாப்பிட்டியா?" என்று கேட்பாவாம். யோசிக்காமல் தன்னால் தமிழில் பதில் சொல்லக்கூடிய ஒரே கேள்வி அதுதானாம். அதனால் அம்மம்மா வேறு எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று பயமாம். அந்தப் பக்கத்தில் ஆறு எழுத்துப் பிழை இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எழும்பி வெளியே போய்விட்டா.

இதைப் பார்த்து "தமிழைக் கெடுக்கிற வேலை" என்று சொன்ன பெரியவரும் உண்டு. அவருடைய கவலை பொய் இல்லை. இலக்கணம் இல்லாமல் மொழி நிற்காது. ஆனால் பேசப் பயப்படுகிற பிள்ளைக்கு இலக்கணத்தை எங்கே பொருத்துவது? முதலில் பிள்ளை சொல்லட்டும், நாங்கள் கேட்போம். திருத்துவதற்கு வகுப்பு இருக்கிறது.

யாழ்ப்பாணப் பொதுநூலகக் கட்டிடம் மீளக் கட்டப்பட்டு 2000களின் தொடக்கத்தில் திறந்துவிட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் புத்தகங்களும் பாடசாலை மலர்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. வேலை இல்லாத நாட்களில் அதில் தேடிக்கொண்டிருப்பேன். எங்கள் வகுப்புச் சஞ்சிகை அங்கே இல்லை. இருக்க முடியாது. ஒன்றே ஒன்றுதானே! 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வோடு எங்கள் பாடசாலை அலுமாரிகளும் போய்விட்டன என்று கூடப் படித்தவன் சொன்னான்.

ஆகவே இரண்டு விடயம் கேட்கிறேன். சனிக்கிழமைப் பாடசாலைகளில் பொறுப்பாக இருப்பவர்கள் அலுமாரியைத் திறந்து விடுங்கள். சில புத்தகங்கள் தொலையும், பரவாயில்லை. பிள்ளைகள் எழுதும் கொப்பியை மட்டும் தொலைய விடாதீர்கள். படம் எடுத்து, நாலு இடத்தில் வையுங்கள். புத்தகத்தை இன்னொரு கடையில் வாங்கலாம். அதை வாங்க முடியாது.

மற்றது, எட்டாம் வகுப்பு, 1976. அட்டையில் ஒரு கிணறும் துலாவும் பச்சை மையில் கீறியிருக்கும். துலா கொஞ்சம் கோணல். ஊரை விட்டு வெளிக்கிடும்போது யாராவது தப்பித்தவறி அதை எடுத்து வந்திருந்தால், தயவுசெய்து ஒரு வரி எழுதிப் போடுங்கள்.